வேலூருக்கு விரைந்த 19-ஆவது குதிரைப்படை: ஒரே எண், இரண்டு ரெஜிமென்ட்

ராணிப்பேட்டையைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து விரைந்த 19-ஆவது லைட் டிராகூன்ஸ் (இலகுரகக் குதிரைப்படை) ரெஜிமென்ட்டும், 1803-இல் அசாயேயில் மராத்தியர்களோடு போரிட்ட படையும், பின்னாளில் கனடாவிலும் சூடானிலும் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித்திலும் போரிட்ட 19-ஆவது படையும் ஒன்றேதானா? ஒன்றுதான் என்றால், எங்கோ ஒரு பட்டியலில் அது 1821-இல் கலைக்கப்பட்டதாக எழுதியிருப்பது ஏன்? இதோடு, தம் முன்னோர் ஒருவர் அந்தப் படையின் லாயத்தில் குதிரைக்காரராக வேலை பார்த்ததாக வீட்டில் சொல்வார்கள் என்றும், அவர் பெயர் ஏதேனும் ஆவணத்தில் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விகளுக்குள் ஒரு படைப்பிரிவை எது ஒரே படைப்பிரிவாக வைத்திருக்கிறது என்ற கேள்வி அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாகப் படித்துவருபவை பெரும்பாலும் ஆங்கில இராணுவ ஆவணங்கள். பாரசீக, மராத்தி மூலங்களை மொழிபெயர்ப்பில் மட்டுமே அறிவேன். நான் சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் நேரடி விடை. அசாயேயிலும் வேலூரிலும் கனடாவிலும் இருந்தது ஒரே ரெஜிமென்ட். சூடானிலும் லேடிஸ்மித்திலும் இருந்தது வேறொரு ரெஜிமென்ட். முதலாவது 1781-இல் பிறந்து 1821-இல் மறைந்தது. இரண்டாவது 1858-இல் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் திரட்டப்பட்டு, பிறகு பிரிட்டிஷ் அரசின் படையில் சேர்க்கப்பட்டு, 19-ஆவது ஹுசார்ஸ் (இதுவும் இலகுரகக் குதிரைப்படைக்கான பெயர்தான்) என்று பெயர் பெற்றது. இரண்டுக்கும் இடையே ஒரு வீரனோ ஒரு குதிரையோ ஓர் அதிகாரியோ தொடர்ச்சியாக வரவில்லை. 1874-இல் பிரிட்டிஷ் அரசு பழைய படையின் போர்ச் சிறப்புகளை, அதாவது கொடியில் பொறிக்க அரசு அனுமதிக்கும் போர்ப் பெயர்களை, புதிய படை தாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. பல நூல்கள் இரண்டையும் ஒரே வரலாறாக எழுதுவதற்கு இந்த அனுமதியே காரணம். இதுவரை சொன்னவற்றில் ஐயம் எதுவும் இல்லை.

இந்த எண்களே பெரிய பொறி என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் ரெஜிமென்ட் 1781-இல் திரட்டப்பட்டபோது அதன் எண் 23. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து பல படைகள் கலைக்கப்பட்டு வரிசை சுருங்கியதால் 1786-இல் அதற்கு 19 என்ற எண் வந்தது. அதற்கு முன்பே 19 என்ற எண்ணோடு வேறொரு லைட் டிராகூன்ஸ் படை சில ஆண்டுகள் இருந்து கலைந்திருந்தது. பிற்காலத்தில் ஸ்பெயினில் நெப்போலியனின் படைகளை எதிர்த்த 23-ஆவது லைட் டிராகூன்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரிட்டிஷ் கால இந்திய இராணுவத்தில் 19-ஆவது லான்சர்ஸ் என்று ஒரு படை இருந்தது. அது 1860-இல் சீனப் போருக்காகத் திரட்டப்பட்ட ஃபேன் குதிரைப்படையின் வழிவந்தது, இன்று பாகிஸ்தான் இராணுவத்தில் இருக்கிறது. 1781-இல் நம் ரெஜிமென்ட்டைத் திரட்டிய சர் ஜான் பர்கோயினையும் சரடோகாவில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த தளபதி ஜான் பர்கோயினையும் ஒருவராக எண்ணி எழுதியிருப்பவர்களும் உண்டு. இருவரும் வெவ்வேறு ஆட்கள். இந்த ரெஜிமென்ட்டின் பர்கோயின் 1785-இல் சென்னையிலேயே இறந்துபோனார். எண்ணையும் பெயரையும் மட்டும் வைத்துத் தேடினால் நான்கைந்து படைகளின் கதை ஒன்றோடொன்று கலந்துவிடும். எண்ணோடு ஆண்டையும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

பழைய படை 1782-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு அவ்வாண்டின் இறுதிக்குள் சென்னை வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் அரசக் குதிரைப்படை இதுதான். கம்பெனியிடம் அதுவரை இருந்த குதிரைப்படை மிகச் சிறியது. ஹைதர் அலியின் குதிரை வீரர்கள் கர்நாடகச் சமவெளியில் விரும்பியபடி வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் குறையை நீக்கத்தான் இதை அனுப்பினார்கள். மதராஸ் குதிரைப்படையின் இந்தியப் பிரிவுகள் பயிற்சியிலும் அணிவகுப்பிலும் இதைப் பார்த்து வளர்ந்தன என்பதில் உண்மை உண்டு. ஆனால், இந்தியப் பிரிவுகளின் திறமைக்கே இதுதான் காரணம் என்று பழைய ஆங்கில ரெஜிமென்ட் வரலாறுகள் எழுதுவது மிகை. குதிரை, தீவனம், நில அறிவு ஆகிய மூன்றிலும் வந்தவர்கள்தான் இங்கிருந்தவர்களிடம் கற்றார்கள்.

போர்க்களத்தில் அது முதலில் பெயர் எடுத்த இடம் நம் கொங்கு நாடு என்பது பலருக்குத் தெரியாது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 செப்டம்பரில், லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃபிலாய்டு ஒரு சிறு படையோடு பவானி ஆற்றங்கரையில் சத்தியமங்கலத்தில் இருந்தார். திப்பு சுல்தான் தம் பெரும்படையோடு கசலட்டி கணவாய் வழியாக இறங்கினார். செப்டம்பர் 13-ஆம் தேதி காலையில் மைசூர்க் குதிரை வீரர்கள் ஃபிலாய்டின் காவல் பிரிவுகளைத் தாக்கினர். 19-ஆவது படையினர் பாய்ந்து அவர்களை முள்வேலிகள் சூழ்ந்த வயல்களுக்குள் நெருக்கிப் பெரும் சேதம் விளைவித்தனர். அது ஒரு காலைநேர வெற்றி மட்டுமே. பகல் முழுவதும் மைசூர்ப் பீரங்கிகள் ஃபிலாய்டின் முகாமைத் துளைத்தன; இழுக்க மாடுகள் இல்லாமல் சில பீரங்கிகளைக் கைவிட்டு மறுநாள் அவர் கோயம்புத்தூர்ப் பக்கமாகப் பின்வாங்கினார். திப்புவின் மைத்துனர் புர்ஹானுத்தீன் அந்த மோதல்களில் இறந்தார். ஆங்கில ரெஜிமென்ட் வரலாறுகள் காலைநேரப் பாய்ச்சலை விரிவாகவும் பின்வாங்கியதைச் சுருக்கமாகவும் எழுதும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் போர்க்கட்டத்தில் மேலோங்கியிருந்தவர் திப்புவே.

அடுத்த ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி பெங்களூர் அருகே ஃபிலாய்டு தம் குதிரைப்படையோடு திப்புவின் பின்வரிசையைத் துரத்திக்கொண்டு அளவுக்கு மீறி முன்னேறிவிட்டார். கன்னத்தில் குண்டு பாய்ந்து குதிரையிலிருந்து விழுந்தார். படை குலைந்து திரும்பியது. பின்னால் வந்த காலாட்படைதான் அதைக் காத்தது. அதே ஆண்டு மே மாதம் திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டணத்தின் வாயில்வரை சென்ற தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் தீவனம் இல்லாமல் மாடுகள் மடிந்ததால் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். குதிரைகள் ஆளைச் சுமக்கவே வலுவற்றுப்போயிருந்தன. குதிரைப்படையின் போர்ப் பணி வரலாற்றைப் படிப்பவர்கள் பாய்ச்சல்களை மட்டும் எண்ணுகிறார்கள். கொள்ளும் புல்லும் தண்ணீரும் கிடைத்த நாட்கள் எவை, கிடைக்காத நாட்கள் எவை என்று பார்த்தால்தான் அந்த வரலாறு விளங்கும்.

1799-இல் நான்காம் மைசூர்ப் போரில் மார்ச் 27-ஆம் தேதி மளவள்ளியில் ஃபிலாய்டின் குதிரைப்படை திப்புவின் ஒரு காலாட்படைப் பிரிவைத் தாக்கிச் சிதைத்தது. மே 4-ஆம் தேதி சீரங்கப்பட்டணக் கோட்டை பிடிபட்டபோது குதிரைப்படைக்கு அந்தத் தாக்குதலில் வேலை இருக்கவில்லை. பாராமகாலிலிருந்தும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) தெற்கிலிருந்தும் வந்துகொண்டிருந்த தானியத் தொடர்களைக் காத்து அழைத்துவர ஃபிலாய்டு போயிருந்தார். அதற்கடுத்த ஆண்டு துந்தியா வாக் என்பவர், திப்புவின் சிறையிலிருந்து விடுபட்டுப் பெரும் குதிரைக் கூட்டத்தைத் திரட்டியிருந்தவர், 1800 செப்டம்பர் 10-ஆம் தேதி கோணகல் என்னும் இடத்தில் எதிர்கொள்ளப்பட்டார். ஆர்தர் வெல்லெஸ்லி அங்கு 19, 25-ஆவது லைட் டிராகூன்ஸ் படைகளையும் மதராஸின் இரண்டு இந்தியக் குதிரைப்படைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தாமே முன்னின்று பாய்ந்தார். துந்தியா கொல்லப்பட்டார். பின்னாளில் வெல்லிங்டன் பிரபு என்று அறியப்பட்டவர் குதிரைப்படைப் பாய்ச்சலை நேரில் நடத்தியது மிக அரிது. அந்த அரிய நிகழ்வில் இந்த ரெஜிமென்ட் இருந்தது.

1803 செப்டம்பர் 23-ஆம் தேதி நடந்த அசாயேப் போர்தான் அதன் வரலாற்றின் உச்சி. கைத்னா ஆற்றுக்கும் ஜுவா ஓடைக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்தில் மராத்திய அரசர்களான சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் பெரும்படை நின்றது. அதன் காலாட்படை ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்றது, பீரங்கிகள் மிகச் சிறந்தவை. வெல்லெஸ்லியின் படை சில ஆயிரம் பேர் மட்டுமே. காலாட்படையின் வலது முனை வழி தவறி அசாயே கிராமத்தின் பீரங்கிகளுக்கு நேரே போய்விட்டது; 74-ஆவது ஹைலாண்டர்ஸ் படை அங்கே கொத்துக் கொத்தாக வீழ்ந்தது. அவர்களை மராத்திக் குதிரைப்படை சூழ்ந்த நேரத்தில் லெப்டினன்ட் கர்னல் பேட்ரிக் மேக்ஸ்வெல் தம் பிரிகேடோடு பாய்ந்தார். அந்தப் பிரிகேடில் 19-ஆவது லைட் டிராகூன்ஸோடு மதராஸின் 4, 5, 7-ஆவது இந்தியக் குதிரைப்படைகளும் இருந்தன. ஹைலாண்டர்ஸில் எஞ்சியவர்கள் தப்பியது அந்தப் பாய்ச்சலால்தான். மாலையில் மீண்டும் ஒருமுறை தாக்கப் போன மேக்ஸ்வெல் கொல்லப்பட்டார். அந்தத் தாக்குதல் பயன்தரவில்லை. வெல்லெஸ்லியின் படையில் 428 பேர் இறந்தனர், 1,138 பேர் காயமடைந்தனர், 18 பேர் காணாமல் போயினர் என்று கணக்கு இருக்கிறது. களத்தில் போரிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மராத்தியர் பக்கத்து எண்ணிக்கைகள் எல்லாம் ஆங்கிலேயர் செய்த மதிப்பீடுகள். மொத்தப் படை எவ்வளவு, இறந்தவர்கள் எவ்வளவு என்று எந்த நூல் துல்லியமாகச் சொன்னாலும் அதை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

அசாயேவுக்காக இந்த ரெஜிமென்ட்டுக்கு யானைச் சின்னமும் அசாயே என்ற சொல்லும் கொடியில் பொறிக்கும் உரிமையும் கிடைத்தன. அதே யானை அங்கே போரிட்ட மதராஸ் படைகளுக்கும் கிடைத்தது. இன்றைய இந்திய இராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட் யானையைத் தன் சின்னமாகத் தாங்குவது அந்த மரபினால்தான். அசாயேயைப் பிரிட்டிஷ் வெற்றி என்று மட்டும் சொல்லிப் பழகியவர்கள், அங்கே வெல்லெஸ்லியின் படையில் நின்றவர்களில் பெரும்பாலோர் மதராஸ் சிப்பாய்களும் இந்தியக் குதிரை வீரர்களும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நவம்பர் 29-இல் ஆர்காவ் போரிலும் இருந்துவிட்டுப் படை தெற்கே திரும்பியது.

இப்போது வேலூர். கேள்வி கேட்டவருக்கு மட்டுமல்லாமல் நம்மில் பலருக்கும் இந்த ரெஜிமென்ட்டைத் தெரிந்திருப்பது இதனால்தான் என்பதால் இங்கே உறுதியானதையும் ஐயமானதையும் கவனமாகப் பிரிக்க விரும்புகிறேன். 1806 ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்கு முன், வேலூர்க் கோட்டையில் இருந்த மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய வகைத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் காதணிக்கும் தாடிக்கும் விதித்த தடை ஆகியவை உடனடிக் காரணங்கள். கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் வைக்கப்பட்டிருந்தது பின்னணி. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட்டும் 69-ஆவது காலாட்படையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களும் கொல்லப்பட்டனர். உயிர் பிழைத்த சிலர் கோட்டை வாயிலுக்கு மேலுள்ள மதிலில் ஒதுங்கி, இரண்டு உதவி மருத்துவர்களின் துணையோடு தாக்குப்பிடித்தனர். கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கே 19-ஆவது படையின் லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் ரோலோ கில்லெஸ்பி உடனே ஒரு ஸ்குவாட்ரனோடு (ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவு) கிளம்பினார். மீதிப் படையும், குதிரைகள் இழுக்கும் இலேசான பீரங்கிகளும், 7-ஆவது மதராஸ் குதிரைப்படையும் பின்தொடர்ந்தன. அன்றைய ஆவணங்களில் ஆற்காடு என்று எழுதப்பட்டிருக்கும் குதிரைப்படை முகாம், பாலாற்றின் வடகரையில் இருக்கும் இன்றைய ராணிப்பேட்டை. எனவே கேள்வி கேட்டவரின் ஊரிலிருந்துதான் அந்தப் படை கிளம்பியது.

கோட்டையை அடைந்த கில்லெஸ்பியால் உள்வாயிலைத் திறக்க முடியவில்லை. மதிலில் இருந்த சார்ஜென்ட் பிரேடி என்பவரும் உடனிருந்தவர்களும் கயிறு விட, அவர் அதைப் பற்றிக்கொண்டு தனியாக மேலே ஏறினார். தோட்டா தீர்ந்துபோயிருந்தவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியோடு நடத்திச் சென்று மதில் பீரங்கிகளைப் பிடித்தார். பிறகு பீரங்கிகள் வந்து சேர்ந்ததும் பிளேக்கிஸ்டன் என்ற இளம் பொறியியல் அதிகாரியின் பொறுப்பில் வாயில் தகர்க்கப்பட்டது. குதிரை வீரர்கள் உள்ளே பாய்ந்தனர். அடுத்து நடந்ததைப் போர் என்று சொல்ல மாட்டேன். சிதறி ஓடிய சிப்பாய்களை வெட்டிச் சாய்த்தார்கள். மதிலிலிருந்து குதித்துத் தப்பியவர்களை வெளியே நின்ற குதிரை வீரர்கள் துரத்தினார்கள். அரண்மனைப் பகுதியில் அடைக்கலம் புகுந்திருந்த நூறு பேரளவில் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டதாக அந்த பிளேக்கிஸ்டனே பின்னாளில் எழுதினார். அடக்கிய பக்கத்தைச் சேர்ந்த அதிகாரி, பழிக்கு அஞ்சாமல் எழுதிய சாட்சியம் அது; நம்பத் தக்கது.

ஐயத்துக்குரியவை இவை. இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கை 350 என்று சில நூல்களிலும் 800 வரை வேறு சில நூல்களிலும் காணப்படுகிறது; அவர்களை யாரும் பெயர் சொல்லி எண்ணவில்லை என்பதால் இந்த வேறுபாடு இனியும் தீரப்போவதில்லை. கில்லெஸ்பிக்குச் செய்தி கிடைத்த நேரம், அவர் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் மூன்றும் ஒவ்வொரு நூலிலும் சற்று மாறுகின்றன. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்தைக் காலையிலேயே கடந்து முதல் பிரிவு வந்துவிட்டது, பீரங்கிகள் வந்து வாயில் உடைந்தது முற்பகலில் என்பதுவரை ஏற்கலாம். நிமிடக் கணக்குகளை ஏற்க வேண்டியதில்லை. முந்தைய இரவு கில்லெஸ்பி ஃபேன்கோர்ட்டின் வீட்டு விருந்துக்குப் போக இருந்தார், தற்செயலாகத் தடைபட்டது என்ற கதை பல இடங்களில் வருகிறது. நடந்திருக்கலாம், ஆனால் வீரக் கதைகள் இப்படிப்பட்ட தற்செயல்களை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். கயிற்றை விட்ட பிரேடி முன்பு மேற்கிந்தியத் தீவுகளில் கில்லெஸ்பியோடு பணியாற்றியவர் என்பதையும், தூரத்திலேயே அவரை அடையாளம் கண்டார் என்பதையும் அதே எச்சரிக்கையோடுதான் சொல்வேன்.

ஐயமே இல்லாமல் சொல்லக்கூடியதும் போதிய அளவு சொல்லப்படாததும் ஒன்று உண்டு. கிளர்ச்சியை அடக்கிய குதிரை வீரர்களில் 7-ஆவது மதராஸ் குதிரைப்படையின் இந்திய வீரர்களும் இருந்தனர். அசாயேயில் 19-ஆவது படையோடு தோளோடு தோள் நின்ற அதே 7-ஆவது படை. வேலூரை வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையேயான நேர்க்கோட்டு மோதலாக எழுதும் நூல்களில் இவர்கள் மறைந்துவிடுகிறார்கள். குதிரைப்படைச் சிப்பாயின் சம்பளம், சமூக நிலை, அதிகாரிகளோடு இருந்த உறவு எல்லாம் காலாட்படைச் சிப்பாயினுடையவற்றிலிருந்து வேறுபட்டவை என்பது ஒரு விளக்கம். அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு அவர்கள் சொற்களில் சான்று கிடைக்காத வரையில் அது விளக்கமாக மட்டுமே நிற்கும்.

ஒரு ரெஜிமென்ட் போர்க்களத்தில் பெற்ற சிறப்புகளை அதன் கொடி சொல்கிறது என்பார்கள். 19-ஆவது படையின் சிறப்புகளில் அசாயே உண்டு, நயாகரா உண்டு, வேலூர் இல்லை. சென்னை அரசு கில்லெஸ்பிக்கும் பிரேடிக்கும் பணப்பரிசு அளித்தது, பாராட்டுத் தீர்மானங்கள் வந்தன. ஆனால், தன் சொந்தச் சிப்பாய்களை வெட்டிய நாளை எந்த அரசும் கொடியில் பொறிக்க விரும்பவில்லை. ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் படைத்தலைவர் ஜான் கிராடக்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆகவே, தமிழ்நாட்டில் இந்த ரெஜிமென்ட் எந்த நாளுக்காக நினைவுகூரப்படுகிறதோ அந்த நாள் அதன் அதிகாரபூர்வச் சிறப்புப் பட்டியலில் இடம்பெறவில்லை. போர்ப் பணி வரலாறு என்ற பெயரில் வரும் பட்டியல்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்: அவை நடந்தவற்றின் பட்டியல் அல்ல, அரசு போற்றத் தேர்ந்தெடுத்தவற்றின் பட்டியல்.

1807-க்குள் படை இங்கிலாந்து திரும்பிவிட்டது. இப்படித் திரும்பும்போது விருப்பமுள்ள வீரர்களை இந்தியாவில் இருக்கும் வேறு படைகளுக்கு மாற்றிக்கொள்வது அக்கால வழக்கம். கில்லெஸ்பியும் இங்கேயே தங்கி வேறு பணிகளில் ஈடுபட்டு, 1814 அக்டோபர் 31-ஆம் தேதி டேராடூன் அருகே நாளாபானியில் கூர்க்காக்களை எதிர்த்த போரில் இறந்தார். எனவே 1813-இல் அமெரிக்காவோடு நடந்த போருக்காகக் கனடாவுக்குப் போன 19-ஆவது லைட் டிராகூன்ஸில் பெயரும் கொடியும் யானையும் அதேதான் என்றாலும் ஆட்கள் பெரிதும் மாறியிருந்தார்கள். அங்கே காடும் சேறும் உறைபனியும் நிறைந்த நிலத்தில் பெரும் பாய்ச்சல்களுக்கு இடமில்லை. செய்தி கொண்டுபோவது, முன்காவல், பின்வாங்கும் காலாட்படைக்குக் காப்பு என்று சிறு பிரிவுகளாகப் பணி செய்தார்கள். 1814 ஜூலை 5-இல் சிப்பவாவிலும், ஜூலை 25-இல் லண்டிஸ் லேனிலும் ஒரு ஸ்குவாட்ரன் இருந்தது. செப்டம்பரில் பிளாட்ஸ்பர்க் நோக்கிப் போன படையெடுப்பிலும் ஒரு பகுதி சென்றது. நயாகரா என்ற சிறப்பு இவற்றுக்காக வந்தது. நெப்போலியப் போர்கள் முடிந்த பின் ஈட்டிப்படையாக மாற்றப்பட்டு, செலவுக் குறைப்பில் 1821-இல் கலைக்கப்பட்டது. அத்தோடு அது முடிந்தது.

இரண்டாவது 19-ஆவது படையின் தொடக்கம் 1857-இன் விளைவு. தன் இந்தியப் படையை நம்ப முடியாத நிலையில் கம்பெனி ஐரோப்பியக் குதிரைப்படைகளை அவசரமாகத் திரட்டியது. உயர அளவைத் தளர்த்திக் குள்ளமானவர்களையும் சேர்த்துக்கொண்டதால் அவர்களுக்குக் குட்டையர்கள் என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. கம்பெனி ஆட்சி போனதும் முதலாவது வங்காள ஐரோப்பிய லைட் கேவல்ரி என்ற அந்தப் படை 19-ஆவது ஹுசார்ஸ் ஆயிற்று. வரிசையில் காலியாக இருந்த எண் அதற்குக் கிடைத்தது. அவ்வளவுதான் பழைய படையோடு அதற்கு இருந்த உறவு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே யானையும் அசாயேயும் அதன் கைக்கு வந்தன.

அதன் பணியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1882-இல் எகிப்துக்குப் போனது. 1884 பிப்ரவரி 29-இல் கிழக்குச் சூடானில் எல் தெப் என்ற இடத்தில் நிலைகுலையாமல் நின்ற எதிரிகள்மீது குதிரைப்படையை ஏவினார்கள். சூடானியர் தரையில் படுத்துக்கொண்டு குதிரைகளின் கால் நரம்புகளை வெட்டினார்கள், வாளின் நீளம் அவர்களை எட்டவில்லை. அன்று பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களில் பெரும்பாலோர் குதிரை வீரர்கள். படுகாயமடைந்த லெப்டினன்ட் கர்னல் பெர்சி பேரோவைக் காப்பாற்றியதற்காக வில்லியம் மார்ஷலுக்குப் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. மார்ச் 13-இல் தமாயில் குதிரையிலிருந்து இறங்கிச் சுட்டு, குலைந்துபோன காலாட்படைச் சதுரத்துக்கு உதவினார்கள். அதே ஆண்டின் இறுதியில் சூடானின் கார்ட்டூமில் முற்றுகையில் இருந்த தளபதி கார்டனை மீட்க நைல் வழியே சென்ற படையோடு ஒரு பிரிவு போனது. சிரியாவில் வாங்கிய சிறிய அராபிய ஆண் குதிரைகள் மிகக் குறைந்த தண்ணீரோடு அந்தப் பாலைவனத்தைத் தாங்கின என்பதைக் குதிரை அறிந்தவர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். 1885 ஜனவரி 17-இல் அபு கிளியாவில் அது இருந்தது. பிற்காலத்தில் ஃபீல்ட் மார்ஷலான ஜான் ஃபிரெஞ்ச் அப்போது அதன் அதிகாரி. பின்னர் இந்தியாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1899-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், நவம்பர் 2 முதல் பிப்ரவரி 28 வரை லேடிஸ்மித்துக்குள் முற்றுகையில் சிக்கியது. அங்கே குதிரைகள் உணவுக்காக அறுக்கப்பட்டன, வீரர்கள் காலாட்படைபோல் அகழிகளில் நின்றார்கள். 1922-இல் அது வேறொரு படையோடு இணைக்கப்பட்டது.

கடைசியாக, லாயத்தில் வேலை பார்த்த முன்னோரைப் பற்றி. மதராஸ் நிலப்பகுதியில் குதிரைப்படையின் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும் புல் அறுத்துவர ஓர் ஆளும் இருப்பது வழக்கம். அதாவது, சேணத்தில் அமர்ந்தவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பேர் அவர்களுக்குப் பின்னால் இருந்தார்கள். ஆற்காட்டு முகாமில் அவர்களில் பலர் அந்தச் சுற்றுவட்டாரத்து மக்களாக இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். குடும்பத்தில் வழங்கும் செய்தி நம்பத் தகாதது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பெயர் கிடைக்கும் என்று நம்பிக்கை ஊட்ட முடியாது. லண்டனை அடுத்த கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ரெஜிமென்ட் சம்பளப் பட்டியல்கள் அரசின் சம்பளம் பெற்ற வீரர்களையே பெயர் சொல்லிப் பதிந்தவை. லாயத்து ஆட்கள் அதில் வரமாட்டார்கள். முதலில் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1806 ஜூலையை ஒட்டிய இராணுவத் துறைத் தொகுதிகளையும் வேலூர் விசாரணை வாக்குமூலங்களையும் பாருங்கள். வாக்குமூலங்களில் சிப்பாய் அல்லாத எளிய ஆட்களின் குரல்களும் ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கின்றன. பெயர்களின் எழுத்துக்கூட்டல் மிகவும் சிதைந்திருக்கும் என்பதால் ஒரே பெயரை ஆறேழு விதமாக எழுதிவைத்துக்கொண்டு தேட வேண்டும். குடும்பத்தில் சொல்லப்படும் தலைமுறைக் கணக்கு 1806-க்குப் போகிறதா அல்லது அதன் பிறகும் ராணிப்பேட்டையில் இருந்த வேறு குதிரைப்படைகளின் காலத்துக்குப் போகிறதா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகு தொடங்கினால், எந்தத் தொகுதியைக் கேட்டு வாங்குவது என்பது எளிதாகும்.